மியூச்சுவல் போட்ட நாட்கள்

நவி மும்பை ஐரோலியில் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நாளெல்லாம் பேசிக்கொண்டிருக்கும் பெண்களே, உங்களுக்கும் எனக்கும் ஒரே தொழில்தான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். அறுபதுகளில் பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு டிரங்க் எக்ஸ்சேஞ்சில் நானும் காதில் ஒன்று, வாய்க்கு நேரே ஒன்று என்று மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். உங்களுடையது பஞ்சு மாதிரி இருக்கிறது. எங்களுடையது கழற்றி வைத்த பிறகும் தலையில் இருப்பதுபோலவே கனக்கும். வீட்டுக்குப் போய்த் தலை வாரும்போது அது இருந்த இடத்தில் முடி படியாமல் நிற்கும்.

போன வாரம் எங்கள் கட்டடத்துப் பெண் ஒருத்தி வந்தாள். உங்களில் ஒருத்திதான். டீம் லீடர் வேலை தருகிறார்களாம், சம்பளம் நன்றாகக் கூடுமாம். ஆனால் இப்போதுபோல இஷ்டத்துக்கு ஷிஃப்டை மாற்றிக்கொள்ள முடியாதாம். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. எடுத்துக்கட்டுமா ஆன்ட்டி என்று கேட்டாள். காபி கொடுத்தேன், பதில் கொடுக்கவில்லை. இந்த மாதிரிக் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்லிவிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தமிழ் படிக்க வராதவர்கள் வீட்டில் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் பம்பாயிலிருந்து மெட்ராஸுக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். லைன் கிடைத்ததும் நாங்கள் இரண்டு பக்கத்தையும் இணைப்போம். தெற்கே போகும் லைன்களுக்குத் தமிழ் தெரிந்த பெண்களாகப் பார்த்து உட்கார்த்தியிருந்தார்கள். மூன்று நிமிடம் ஆனால் நடுவில் புகுந்து, “த்ரீ மினிட்ஸ் ஓவர், எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?” என்று கேட்க வேண்டும். லைன் காலியாக இருந்தால்தான் நீட்டிப்பு. இல்லாவிட்டால் அழுகிறவரானாலும் சரி, கல்யாணம் பேசுகிறவரானாலும் சரி, பிளக்கைப் பிடுங்க வேண்டியதுதான். பாவம் பார்க்கிறவர்களுக்கு அந்த வேலை சரிப்படாது. நான் பாவம் பார்த்துக்கொண்டே அதில் காலம் தள்ளினேன்.

எங்களுக்கும் டூட்டி மாறி மாறி வரும். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை. குழந்தை இருக்கிறவளுக்கு இது எப்படிப் பொருந்தும்? பொருந்தாது. அதற்கு நாங்கள் கண்டுபிடித்து வைத்திருந்த மருந்துதான் மியூச்சுவல். என் மாலையை நீ எடுத்துக்கொள், உன் காலையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு, ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஆபீஸ் ஒப்புக்கொள்ளும். எக்ஸ்சேஞ்சில் நல்ல மியூச்சுவல் ஜோடி அமைவது நல்ல புருஷன் அமைவதைவிடக் கஷ்டம் என்போம். எனக்கு இரண்டும் அமைந்தது. புருஷனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் சொர்ணம்.

சொர்ணம் தாராவிக்காரி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பாவுக்குத் தாராவியில் மளிகைக் கடை, புருஷனுக்கு லேத் பட்டறையில் வேலை. கைக்குழந்தை ஒன்று, பொன்னி என்று பெயர். என்னைவிட இரண்டு வருஷம் ஜூனியர். பட்டறை நாலு மணிக்கு விட்டுவிடும் என்பதால் அவளுக்கு மாலை டூட்டிதான் சௌகரியம். மத்தியானம்வரை பிள்ளையோடு இருப்பாள். கிளம்பும்போது பக்கத்து வீட்டில் விட்டு வருவாள், சாயங்காலம் புருஷன் வந்து வாங்கிக்கொள்வார்.

என் கதை அதற்கு நேர் எதிர். நாங்கள் மாட்டுங்காவில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஓர் அறையில் இருந்தோம். என் கணவர் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தார். காலையில் நான் இருட்டோடு கிளம்பினால், லல்லியை எழுப்பி, பல் தேய்த்து, சாதம் ஊட்டி, பின்னல் போட்டு, எதிர் அறை மராத்திக்கார அம்மாளிடம், எங்களுக்கு அவள் மாவ்ஷி, அதாவது சித்தி, விட்டுவிட்டு அவர் ஆபீஸ் போவார். அவர் போடும் பின்னல் ஒன்று கிழக்கே பார்க்கும், இன்னொன்று மேற்கே பார்க்கும். ஆனாலும் அந்தக் காலத்தில் பெண் குழந்தைக்குப் பின்னல் போட்ட ஆண்பிள்ளை எங்கள் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். மத்தியானம் மூன்று மணிக்கு நான் படியேறும்போதே மாவ்ஷி மராத்தியில் குரல் கொடுப்பாள், “லல்லி, ஆயி ஆலி!” அம்மா வந்தாச்சு. அந்தக் குரலைக் கேட்பதற்காகவே வி.டி. ஸ்டேஷனில் கூட்டத்தை இடித்துக்கொண்டு ரயில் ஏறுவேன்.

ஆக, என் காலையும் சொர்ணத்தின் மாலையுமாக இரண்டு வீடு ஓடியது. லல்லிக்கு நாலு வயது ஆகும்வரை ஒரு குறையும் இல்லை.

அப்போதுதான் மானிட்டர் பதவி வந்தது. மானிட்டர் என்றால் ஆபரேட்டர்களுக்குப் பின்னால் நடந்துகொண்டு, அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஒட்டுக் கேட்டு, தவறைத் திருத்தி, புகார் வந்தால் சமாளிப்பவள். ஒரு மானிட்டர் லீவில் போனதால் சில வாரங்களுக்கு என்னை அந்த இடத்தில் போட்டுப் பார்ப்பதாகச் சூப்பர்வைசர் சொன்னார். எல்லோரும் பெரிய மேடம் என்று கூப்பிடும் கோவாக்கார அம்மாள். சரியாகச் செய்தால் அந்த இடம் எனக்கே நிரந்தரமாகும். சம்பளம் கூடும், ஆனால் மானிட்டருக்கு மியூச்சுவல் கிடையாது. பகல் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு வரை, மாறாத டூட்டி.

எங்களுக்கு அந்தப் பணம் எதற்காக வேண்டியிருந்தது என்றால், அடுப்புக்காக. சிரிக்காதீர்கள். நாங்கள் உள்வாடகைக்கு இருந்தவர்கள். சமையலறையை வீட்டுக்காரக் குடும்பத்தோடு பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். மேடையில் இடது பாதி எங்களுடையது. என் தாளிப்பில் பெருங்காயம் கூடியதா குறைந்ததா என்று வலது பாதி சொல்லும். நான் மானிட்டரானால் செம்பூரில் தனிச் சமையலறையோடு ஒரு வீட்டுக்குப் பகடி என்கிற பெரிய முன்பணம் கொடுத்துக் குடி போகலாம் என்று என் கணவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். செம்பூர் என்றால் அவருக்கு ஆபீஸும் பக்கம்.

“நான் சொல்லி நீ எடுத்துண்டதா இருக்கப்படாது ராஜம்,” என்றார். “ஆனா அந்த அடுப்பை ஒரு தரம் நெனைச்சுப் பாரு.”

நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்க மேடையின் வலது பாதியும் என் கண்ணுக்கு என்னுடையதாகவே தெரிந்தது. ஒப்புக்கொண்டேன்.

சொர்ணத்திடம் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அவளுடைய ஜோடியை அல்லவா உடைக்கிறேன். அவள் முகம் ஒரு நிமிடம் சுருங்கி, உடனே சரியாகிவிட்டது. “நீங்க ஆவுங்கக்கா. நம்மள்ல ஒருத்தி மேல போனா நல்லதுதானே. பிள்ளய காலையில அப்பா கடையில விட்டுக்கிடுதேன்,” என்றாள். அந்த வாரத்திலிருந்து காலை டூட்டி வரும்போதெல்லாம் பொன்னி தாராவியில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே தவழ்ந்தாள்.

மானிட்டர் வேலை எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைக்க மாட்டேன். கையில் ஒரு காதுக்குழாயோடு வரிசைக்குப் பின்னால் நடக்கும்போது முதுகு தானாக நிமிர்ந்தது. ஆனால் இரவு நான் வீடு திரும்பும்போது லல்லி தூங்கியிருப்பாள். காலையில் அவள் கண் விழித்தால் நான் சமையலும் குளியலுமாகப் பறந்துகொண்டிருப்பேன். அவளோ அந்த வாரங்களில் ஒரு புது விளையாட்டுக் கண்டுபிடித்திருந்தாள். தேங்காய் மூடி ஒன்றை ரிப்பனால் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மாவ்ஷியையும் பால்காரரையும் திருநெல்வேலியோடு இணைத்துக்கொண்டிருப்பாள். லீவு நாட்களில் பொன்னியோடு வந்து போகும் சொர்ணத்தின் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவளுக்குத் தெரிந்த தூரமான ஊர் திருநெல்வேலிதான். அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஒரு ஜூலை மாதம் அந்த மழை வந்தது. பம்பாய் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலை டூட்டிக்காரர்களை இரண்டு மணிக்கு விடுவிக்க வேண்டிய மாலைக் கூட்டத்தில் மூன்றே பேர், தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார்கள். ரயில் பைகுல்லாவோடு நின்றுவிட்டதாம், தாதருக்கு அப்பால் தண்டவாளமே தெரியவில்லையாம். பெரிய மேடமும் வரவில்லை. அந்தப் பெரிய ஹாலில் அதிகாரம் என்று ஏதாவது இருந்தால் அது என்னிடம்தான் இருந்தது.

அழைப்பு வந்தால் எரியும் விளக்குகள் பலகை முழுக்க எரிந்துகொண்டிருந்தன. பம்பாய் மூழ்கிவிட்டது என்று தெற்கே யாரோ கிளப்பிவிட, ஊர் முழுக்கத் தன் பிள்ளையைத் தேடிக் கூப்பிட்டது. மாற்றாள் வராமல் யாரும் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது விதி. வந்த மூன்று பேருக்குப் பதிலாக மூன்று பேரை அனுப்பலாம். யாரை? சீனியாரிட்டிப்படி என்பது பழக்கம். அந்த வரிசையில் சொர்ணம் கடைசி.

அவள் லைனில் காதுக்குழாயைச் சொருகினேன். எப்போதும் மணி அடித்தாற்போல் பேசுகிறவள், அன்று மதுரை கேட்டவருக்குக் கோயம்புத்தூரைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் உடைந்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவின் கடை தாராவியில் சாக்கடையை ஒட்டிய பள்ளத்தில் இருந்தது. பொன்னி அங்கே இருந்தாள். ஃபோன் வசதியும் கிடையாது.

சொர்ணத்தை மட்டும் அனுப்பினால் ஜோடிக்குச் சலுகை என்பார்கள். அனுப்பாமல் இருக்கவும் என்னால் முடியாது. வரிசையின் பின்னால் போய் நின்றேன். பிறகு ஒவ்வொருத்தியாகக் காதருகே குனிந்து ஒரே கேள்வி கேட்டுக்கொண்டு போனேன்.

“உன் குழந்தை எந்த மாடி?”

இரண்டாம் மாடி, முதல் மாடி, குழந்தை இல்லை, நாலாம் மாடி. கீழ்த்தளம் என்று சொன்னவர்கள் நாலு பேர். சொர்ணம் அதில் ஒருத்தி. நாலு பேரையும் போகச் சொன்னேன். தாதர்க்காரி ஒருத்தி, அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் சீனியர், சீனியாரிட்டி என்னவாயிற்று என்று கோபமாகக் கேட்டாள்.

“இன்னிக்கு தண்ணிதான் சீனியர்,” என்றேன். அவள் முறைத்தாள். ஆனால் அடுத்த விளக்குக்குப் பதில் சொல்லத் திரும்பிவிட்டாள். நல்ல மனுஷி.

வந்தது மூன்று பேர், போவது நாலு பேர். சொர்ணம் எழுந்து நின்றுகொண்டு, “எக்கா, என் சீட்டுல யாரு?” என்றாள். நான் என்றேன். “மானிட்டரு உக்காரக் கூடாதுல்லா?” என்றாள் அந்த நேரத்திலும். விதி அப்படித்தான். அவள் ஹெட்செட்டை வாங்கி என் தலையில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் ஏறியிருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே மாட்டுங்காவுக்கு எங்கள் அறைக்குப் போய்விடு என்று சொல்லி அனுப்பினேன். என் லல்லி மூன்றாம் மாடியில், மாவ்ஷியிடம் பத்திரமாக இருந்தாள். அவளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்துக்கு மானிட்டர் மேஜை ஃபோன் அடித்தது. ஓடிப் போய் எடுத்தேன். எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருந்த உடுப்பி ஓட்டலின் கல்லாவிலிருந்து சொர்ணம் பேசினாள்.

“பிள்ள நல்லா இருக்காக்கா. அப்பா பரண்மேல தூக்கி வச்சிக்கிட்டு இருந்தாவ. கடையில இடுப்பளவு தண்ணி. நாங்க உங்க வீட்டுக்கு வந்துட்டோம். இந்தா, லல்லி பேசணுங்கா.”

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. அதற்குள் லல்லி வந்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் நிஜ ஃபோனில் பேசியது அதுதான் முதல் தடவை. பொன்னி வந்திருக்கிறாள், அவள் ஃப்ராக்கெல்லாம் ஈரம், என் ஃப்ராக்கைக் கொடுத்தேன், மாவ்ஷி பட்டாட்டா வடை போட்டுக் கொடுத்தாள், அப்பா இன்னும் வரவில்லை என்று வரிசையாகச் சொன்னாள். நான் ம் ம் என்று கேட்டுக்கொண்டே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் விட்டு வந்த சீட்டில் விளக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக எரிந்துகொண்டிருந்தன.

திடீரென்று லல்லி குரலை மாற்றிக்கொண்டாள். எங்கள் தொழில் குரல். எழுத்துப் பிசகாமல் கேட்டாள்.

“த்ரீ மினிட்ஸ் ஓவர். எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?”

விளையாட்டுதான். ஆனால் என்னிடம் நேரம் இல்லை. “இல்லடி கண்ணா,” என்றேன். “லைன் ஃப்ரீயா இல்லை.”

“சரி. தேங்க்யூ,” என்றாள். ஃபோனை வைத்துவிட்டாள்.

அவள் அழவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் என்று அடம் பிடிக்கவில்லை. வருஷக்கணக்கில் டிரங்க் கால் பேசிப் பழகிய வியாபாரிகள்கூட அவ்வளவு மரியாதையாக வைக்க மாட்டார்கள். நாலு வயதுக் குழந்தை அம்மாவிடம் பேச அனுமதி கேட்டு, கிடைக்காது என்றதும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். போய் சீட்டில் உட்கார்ந்தேன். அன்று இரவு முழுக்க எத்தனையோ பேருக்கு லைன் கொடுத்தேன், எதுவும் பிசகவில்லை.

மறுநாள் காலையில்தான் வீடு போய்ச் சேர்ந்தேன். சொர்ணம் மேடையின் இரண்டு பாதியையும் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். வலது பாதி வாய் திறக்காமல் தட்டோடு காத்திருந்தது. மத்தியானம் என் கணவர் செம்பூரிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். அவரிடம் ஃபோன் விஷயத்தைச் சொன்னேன். மானிட்டர் வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லக்கூட இல்லை. நனைந்த சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டார்.

“சரி,” என்றார். “இடது பாதியே இருக்கட்டும்.”

நல்ல புருஷனும் அமைந்தது என்று சொன்னேனே, இதற்குத்தான்.

பெரிய மேடம் என்னைக் கூப்பிட்டு, மானிட்டராக இருந்துகொண்டு பலகையில் உட்கார்ந்ததற்குக் கடிந்துகொண்டார். அதே மூச்சில், அன்றைக்கு நன்றாகச் சமாளித்தாய், இடம் உனக்குத்தான் என்றார். வேண்டாம் என்றதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. இது திரும்பச் சுலபத்தில் வராது என்று எச்சரித்தார். அவர் சொன்னது பலித்தது. எனக்குக் கீழே இருந்தவர்கள் எனக்கு மேலே போனார்கள். லல்லி உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் நான் மானிட்டரானேன். தனி அடுப்பும் அப்போதுதான். நஷ்டமே இல்லை என்று உங்களிடம் சொன்னால் அது பொய். சில மாதக் கடைசிகளில் என் மேல் எனக்கே எரிச்சல் வந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் விட்ட இடத்தை எடுத்துக்கொண்டவள் அந்தத் தாதர்க்காரி. அவள் புருஷனுக்கு வீட்டிலேயே தையல் வேலை, குழந்தைகள் அவர் காலடியில் வளர்ந்தன. நல்ல மானிட்டர், நல்ல அம்மா. அவள் எடுத்துக்கொண்டதும் சரி, நான் விட்டதும் சரி. ஆகையால் என்னைப் பார்த்து யாரும் வேலையை விட்டுக்கொடுக்க வேண்டாம், அவளைப் பார்த்து எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

எங்கள் கட்டடத்துப் பெண்ணுக்கும் உங்களுக்கும் என்னிடம் இருப்பது அந்த ஒரு கேள்விதான். சம்பளம் எவ்வளவு கூடும் என்று பார்த்த பிறகு, உங்கள் குழந்தை எந்த மாடியில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீர் எட்டாத மூன்றாம் மாடி என்றால் தயங்காமல் போங்கள், மேலே போங்கள், எங்களுக்கும் பெருமை. ஆனால் நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள். நான் லல்லி மூன்றாம் மாடியில் இருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் கீழ்த்தளத்தில்தான் நிற்கிறாள் என்பது ஃபோனில் அந்த நன்றியைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

வெள்ளம் வடிந்து, நானும் சொர்ணமும் மறுபடியும் மியூச்சுவல் சீட்டில் கையெழுத்துப் போட்ட முதல் நாள். மூன்று மணிக்குப் படியேறினேன். மாவ்ஷி குரல் கொடுத்தாள். லல்லி ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததும் மடியில் ஏறிக்கொண்டாள். அவளுடைய கிழக்கு மேற்குப் பின்னல்களை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பின்னல் அவிழ்ந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

“த்ரீ மினிட்ஸ் ஓவர். எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?”

“பண்ணு,” என்றேன்.

அவள் நம்பவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“லைன் ஃப்ரீயாம்மா?”

“ஃப்ரீதாண்டி,” என்றேன். அப்புறம்தான் அவள் பேச ஆரம்பித்தாள். மழை நாளிலிருந்து தொடங்கி, பொன்னியின் ஃப்ராக், மாவ்ஷியின் பட்டாட்டா வடை, எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள்.